வயதான கல்லீரலும் ஸ்டீராய்டு மாத்திரையும்: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூட்டுவலி, ஆஸ்துமா, தோல் நோய், சிறுநீரகக் கோளாறு என்று எதற்காகத் தொடங்கினாலும், ஸ்டீராய்டு மாத்திரை கல்லீரல் வழியாகத்தான் போயாக வேண்டும். அறுபது வயதுக்கு மேல் கல்லீரல் அந்த மருந்தை வாங்கிக்கொள்ளும் விதமும் வெளியே தள்ளும் விதமும் மாறுகின்றன. அதுபற்றித் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளும் பதில்களும் இங்கே. மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவரின் வேலை. அவரிடம் எதைக் கேட்க வேண்டும், எதைச் சொல்லாமல் விடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

ஸ்டீராய்டு என்பது வெளியிலிருந்து வருகிற மருந்துதானே? உடம்பிலும் இருக்கிறதா?

இருக்கிறது. கொலஸ்ட்ராலிலிருந்து உடம்பே செய்துகொள்ளும் ஹார்மோன்கள் அவை. சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி நாளொன்றுக்குச் சுமார் 10 மி.கி. கார்டிசால் சுரக்கிறது. விடியற்காலையில் அது உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடிமட்டத்துக்கு வரும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனும் இதே குடும்பம்தான். கார்டிசால் வகையை முதன்முதலில் மருந்தாக 1948இல் முடக்குவாத நோயாளிக்குக் கொடுத்தார்கள். 1950இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் ஊரில் கிடைக்கும் பிரெட்னிசலோன், மெத்தில் பிரெட்னிசலோன், டெஃப்ளசகார்ட், டெக்சாமெத்தசோன் எல்லாம் அதன் வழிவந்தவை.

கல்லீரல் செல்லுக்குள் போய் அது என்ன செய்கிறது?

ஸ்டீராய்டு கொழுப்பில் கரையும், அதனால் செல்லைச் சுற்றியுள்ள சவ்வைத் தாண்டி நேராக உள்ளே போய்விடும். உள்ளே அதற்கென்றே ஓர் ஏற்பிப் புரதம் காத்திருக்கிறது. ஹார்மோன் வந்து ஒட்டியதும் ஏற்பி தன்னைப் பிடித்துவைத்திருந்த துணைப் புரதங்களை உதறிவிட்டு உட்கருவுக்குள் போய், டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் அமர்கிறது. அந்த இடத்து மரபணுக்கள் வேலையைத் தொடங்குகின்றன. கார்டிசால் வகை என்றால், புரதத்திலிருந்து குளுக்கோஸ் செய்யும் என்சைம்கள் பெருகும். கல்லீரல் சர்க்கரையை ரத்தத்துக்குள் விடத் தொடங்கும்.

இது சுவிட்சைத் தட்டியதும் எரியும் விளக்கு அல்ல. மரபணு படிக்கப்பட்டு, என்சைம் உருவாகி, அது வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும். காலையில் போட்ட மாத்திரை சாயங்காலச் சர்க்கரையில் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வயதானால் கல்லீரல் செல் இந்த ஹார்மோன்களுக்குச் செவிசாய்க்காமல் போய்விடுமா?

எந்த ஹார்மோன் என்பதைப் பொறுத்தது. இதற்கு விடை தேடி 1970கள் முதல் எலிகளில் நிறைய ஆய்வுகள் நடந்தன. எலியின் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுகள்தான் என்பதால் முதுமையை முழுதாகப் பார்க்க முடிகிறது.

மிகத் தெளிவான உதாரணம் ஆண் ஹார்மோன். ஆண் எலியின் கல்லீரல் ஆல்ஃபா-2யு குளோபுலின் என்ற புரதத்தைச் செய்கிறது. ஆண் ஹார்மோன் இருந்தால்தான் அந்த உற்பத்தி நடக்கும். குட்டி எலியில் அது இல்லை. பருவமடையும்போது, ஏறக்குறைய 40 நாள் வயதில் தொடங்கி வேகமாக ஏறுகிறது. முதுமையில் குறைந்து குறைந்து மறைந்தே போகிறது. கிழ எலிக்கு ஆண் ஹார்மோனை ஊசியாகப் போட்டாலும் பழைய உற்பத்தி திரும்புவதில்லை. ஆகவே குறை ஹார்மோனின் அளவில் மட்டும் இல்லை, கல்லீரல் செல்லிலேயே இருக்கிறது. அதைப் பிடிக்கும் ஏற்பி குறைந்துவிடுகிறது. அமெரிக்காவில் அருண் கே. ராயின் குழு பல ஆண்டுகள் தொடர்ந்து செய்த வேலை இது. தீனியை அளவோடு குறைத்து வளர்த்த எலிகளில் இந்த இழப்பு தள்ளிப்போனது என்பதும் அந்த வரிசையில் வந்த முடிவுதான்.

கார்டிசால் வகையில் கதை வேறு. பட்டினி போட்டால் எலியின் கல்லீரலில் சில என்சைம்கள் ஏற வேண்டும். கிழ எலியில் அந்த ஏற்றம் தாமதமாக வந்தது. ஆனால் ஸ்டீராய்டை நேரடியாக ஊசியில் கொடுத்தபோது, கிழக் கல்லீரலும் இளங்கல்லீரலைப் போலவே நேரத்துக்கு எழுந்து வேலை செய்தது. கல்லீரலுக்குக் கட்டளை வந்து சேருவதில்தான் அங்கே பெரும்பாலும் தாமதம். கார்டிசால் ஏற்பிகளின் எண்ணிக்கையை அளந்த ஆய்வுகளில் சில குறைகிறது என்றன, சில மாற்றமில்லை என்றன.

மனிதக் கல்லீரல் ஆல்ஃபா-2யு குளோபுலின் செய்வதில்லை. எனவே எலியின் கணக்கை அப்படியே தாத்தாவுக்குப் போடக் கூடாது. ஆனால் “வயசாயிடுச்சு, மருந்து அவ்வளவா ஏறாது, கொஞ்சம் கூட்டிக் குடுக்கலாம்” என்ற நினைப்புக்கு, குறைந்தபட்சம் பிரெட்னிசலோன் விஷயத்தில், எந்த ஆதாரமும் இல்லை. மருந்து வெளியேறுவது மெதுவாவதால், அதே அளவு மாத்திரைக்குக் கெடுதல்தான் கூடும். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

வெளியேறுவது ஏன் மெதுவாகிறது?

வடிகால் தூர்ந்துபோன வயலை நினைத்துக்கொள்ளுங்கள். மதகில் வரும் தண்ணீர் அதேதான், வயலில் நிற்கும் நாட்கள் மட்டும் கூடுகின்றன. இளம் வயதில் ஒன்றரைக் கிலோ அளவில் இருக்கும் கல்லீரல் முதுமைக்குள் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை சுருங்கிவிடும். அதற்குள் ஓடும் ரத்தமும் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. கல்லீரலின் நுண்குழாய்ச் சுவரில் இயல்பாகச் சல்லடைக் கண்கள் உண்டு. ரத்தத்திலிருப்பது அவற்றின் வழியாகத்தான் செல்லைத் தொடும். வயதாக ஆகச் சுவர் தடிக்கிறது, கண்கள் குறைகின்றன. மருந்தை உடைக்கும் முதற்கட்ட என்சைம்களுக்கு ஆக்சிஜன் வேண்டும், அதனால் அவை முதலில் பின்தங்குகின்றன. உடைந்ததைக் கரையும் பொருளோடு சேர்த்துக் கட்டி அனுப்பும் இரண்டாம் கட்டம் ஓரளவு அப்படியே இருக்கும்.

இதோடு ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தையும் பார்க்க வேண்டும். பிரெட்னிசலோனைப் பிடித்துவைக்கும் புரதங்களில் ஒன்று அது, கல்லீரல்தான் அதைச் செய்கிறது. இயல்பு அளவு டெசிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம். அது குறைந்தால் பிடிபடாத மருந்து அதிகமாகத் திரியும், வேலை செய்வது அந்தத் திரியும் பங்குதான். ஆல்புமின் 2.5க்குக் கீழே இருந்தவர்களிடம் பக்கவிளைவு இரு மடங்கானது என்று 1971இலேயே பதிவாகியிருக்கிறது. பல் இல்லாமல் கஞ்சியும் ரசஞ்சோறுமாகவே நாளை ஓட்டும் பெரியவர்களுக்கு ஆல்புமின் பார்க்காமல் ஸ்டீராய்டு தொடங்கக் கூடாது.

கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை (எல்.எஃப்.டி.) எடுத்தோம், எல்லாம் நார்மல். அப்படியென்றால் பயமில்லைதானே?

எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. இரண்டும் கல்லீரல் செல் உடைகிறதா என்பதைக் காட்டும் எண்கள். செல் எவ்வளவு வேகமாக மருந்தைக் கழிக்கிறது என்பதை அவை காட்டாது. நோயில்லாத முதியவரின் எல்.எஃப்.டி. பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். அந்தத் தாளில் ஆல்புமின் வரியைத் தேடிப் பாருங்கள், எங்களுக்கு அதுதான் முக்கியம்.

அப்பாவுக்கு 71 வயது. ஸ்டீராய்டு தொடங்கியபின் வெறும் வயிற்றுச் சர்க்கரை 104தான். ஆனால் சாயங்காலம் தாகம், சோர்வு, அடிக்கடி சிறுநீர். ஏன்?

தப்பான நேரத்தில் பார்க்கிறீர்கள். காலை 8 மணிக்குப் போட்ட பிரெட்னிசலோன், சர்க்கரையை நாலு முதல் எட்டு மணி நேரம் கழித்து உச்சத்துக்குத் தூக்கும். அதாவது மதியச் சாப்பாடு செரிக்கிற அதே நேரம். ராத்திரி முழுக்க இறங்கி, விடியலில் கிட்டத்தட்ட இயல்புக்கு வந்துவிடும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தால் 104 வரும். அதே ஆளுக்கு மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 270 இருக்கலாம்.

அதனால் மதியச் சாப்பாட்டின் முதல் வாய்க்குப் பிறகு சரியாக இரண்டு மணி நேரத்தில் விரல் நுனிச் சோதனை செய்யுங்கள். முடியாவிட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த பிறகு குத்துங்கள். மாம்பழமோ பலாச்சுளையோ தொட்ட விரலில் 40, 50 எண் சும்மாவே ஏறும். ஸ்டீராய்டு தொடங்கிய முதல் வாரம் தினமும் பார்க்கலாம். 200க்கு மேல் இரண்டு முறை வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். 300க்கு மேல் தாகமும் சோர்வும் சேர்ந்திருந்தால் அன்றைக்கே போய்விடுங்கள்.

தட்டில் செய்யக் கூடியது: ஒரு கப் பொன்னிச் சாதத்தில், அதாவது சுமார் 150 கிராமில், ஏறக்குறைய 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று என்று மூன்று கப் போகிற வழக்கத்தைத்தான் முதலில் தொட வேண்டும். மதியத்துக்கு ஒன்றே கால் கப்போடு நிறுத்தி, கீரையும் பருப்பும் முட்டையும் மீனும் கூட்டுங்கள். புரதம் ஆல்புமினுக்கும் தசைக்கும் வேண்டும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு ஒன்று உண்டு. சாயங்கால எண்ணைப் பார்த்துப் பதறி, ராத்திரி போடும் இன்சுலினையோ நீண்ட நேரம் வேலை செய்யும் சர்க்கரை மாத்திரையையோ வீட்டிலேயே கூட்டிவிடுகிறார்கள். ஸ்டீராய்டின் வேகம் ராத்திரியில் அடங்குகிறது, கூட்டிய மருந்து அடங்குவதில்லை. விடியற்காலை மூன்று, நாலு மணிக்கு வேர்த்துக் கொட்டி நினைவு தப்புகிறது. இதே ஆபத்து ஸ்டீராய்டைக் குறைக்கும்போதும் வரும். ஸ்டீராய்டு படிப்படியாக இறங்கும்போது சர்க்கரை மருந்தும் கூடவே இறங்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சர்க்கரை மாத்திரை வருகிறதென்றால், கொண்டுவருபவரிடம் ஸ்டீராய்டுச் சீட்டையும் காட்டுங்கள். அவரிடம் இருக்கும் அட்டையில் பழைய சர்க்கரை அளவுக்கான மருந்துதான் எழுதியிருக்கும்.

கைகால் குடைச்சலுக்கு மெடிக்கலில் ‘ஒரு செட் மாத்திரை’ வாங்கிப் போட்டால் உடனே கேட்கிறது. தொடரலாமா?

அந்தக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். வலி மாத்திரை ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, இரண்டு சிறிய மாத்திரைகள். அட்டையிலிருந்து வெட்டிக் கொடுத்ததால் பெயர் பாதிதான் தெரியும். அந்தச் சின்ன மாத்திரை டெக்சாமெத்தசோன் 0.5 மி.கி. ஆக இருந்தால், அளவில் சிறியது என்று ஏமாந்துவிடாதீர்கள். டெக்சாமெத்தசோன் 0.75 மி.கி., பிரெட்னிசலோன் 5 மி.கி., டெஃப்ளசகார்ட் 6 மி.கி., மெத்தில் பிரெட்னிசலோன் 4 மி.கி. ஆகியவை ஏறக்குறைய சம பலம். ஒரு நாளைக்கு இரண்டு சின்ன மாத்திரை என்றால் பிரெட்னிசலோன் ஆறரை மி.கி.க்கு மேல். அதோடு டெக்சாமெத்தசோனின் வேலை ஒன்றரை நாளுக்கு மேல் நிற்கும். வடிகால் மெதுவான உடம்பில் அடுத்த மாத்திரை விழும்போது முந்தையது இன்னும் போயிருக்காது. இதில் சர்க்கரை ராத்திரியிலும் இறங்காது.

நடவும் களையெடுப்பும் நடக்கும் மாதங்களில் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அன்றாடம் எழுந்து நிற்பதே பெரிய விஷயம் என்பது தெரியும். வலிக்கு வழி வேண்டாம் என்று சொல்லவில்லை. முழு அட்டையாகக் கேளுங்கள், பெயரைப் படியுங்கள், பில் வாங்குங்கள். பெயர் எழுதாத மூட்டுவலிப் பொடி, உருண்டை ஆகியவற்றிலும் ஸ்டீராய்டு கலப்பது உண்டு. இரண்டே நாளில் வலி பறந்து, பசி கூடி, முகம் உப்பினால் சந்தேகப்படுங்கள்.

வயல் வேலைக்கும் இதற்கும் வேறு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற நூல்போன்ற புழு, ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியாக ஏறும். மற்றக் குடற்புழுக்கள் சில வருடத்தில் ஒழிந்துவிடும், இது ஒழியாது. உடம்புக்குள்ளேயே பெருகி இருபது, முப்பது ஆண்டுகூடச் சத்தமில்லாமல் இருக்கும். சேற்றில் கால் வைத்தே வாழ்நாளைக் கழித்தவருக்கு ஸ்டீராய்டு கொடுத்ததும் எதிர்ப்பு சக்தி தணிய, புழு நுரையீரல், கல்லீரல் என்று பரவி உயிருக்கே உலை வைக்கும். மலச் சோதனையில் ஒருமுறை தெரியாததால் இல்லை என்றாகாது. இதற்கு வழக்கமான பூச்சி மாத்திரையான அல்பெண்டசோலைவிட ஐவர்மெக்டின் மேல், கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். அறுபது கிலோ ஆளுக்கு 12 மி.கி. “நான் வயல்காட்டு ஆள், வெறுங்காலோடு வேலை செய்தவன்” என்று மருத்துவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

நாலு வாரத்துக்கு மேல் தினம் 20 மி.கி. அல்லது அதற்கு மேல் பிரெட்னிசலோன் என்றால், தொடங்குமுன் ஹெபடைடிஸ் பி சோதனையும் அவசியம். உறங்கிக்கிடக்கும் வைரஸ் விழித்துக் கல்லீரலைத் தாக்கும். பழைய காசநோயும் அப்படித்தான், மார்பு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

படர்தாமரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சேர்த்துப் போடலாமா?

இட்ராகோனசோல் என்றால் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். ஸ்டீராய்டை உடைக்கும் கல்லீரல் என்சைமை அது முடக்கும். மெத்தில் பிரெட்னிசலோனும் டெக்சாமெத்தசோனும் வெகுவாக ஏறும், பிரெட்னிசலோன் கொஞ்சம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேரெதிர்: என்சைமைப் பெருக்கி ஸ்டீராய்டை விரட்டிவிடும், அளவை இரட்டிப்பாக்க வேண்டிவரலாம். ரிஃபாம்பிசினை நிறுத்திய இரண்டு வாரத்தில் அந்த விரட்டல் அடங்கும். அப்போது இரட்டிப்பாக்கிய அளவைக் குறைக்க மறப்பதுதான் வழக்கமாக நடக்கும் கோளாறு. வலிப்பு மாத்திரைகளில் ஃபெனிட்டாயின், கார்பமசெபின் இரண்டும் ரிஃபாம்பிசின் கட்சி.

வலி போய்விட்டது. நாளையிலிருந்து நிறுத்திவிடலாமா?

மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டிருந்தால் கூடாது. வெளியிலிருந்து வருகிறதென்று அட்ரீனல் தன் உற்பத்தியை நிறுத்தியிருக்கும். திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் விழும், வாந்தி, மயக்கம் வரும். பொதுவாக மேல் அளவுகளில் வாரத்துக்கு 5 மி.கி. வீதம், 20க்குக் கீழே 2.5 வீதம், 7.5க்குக் கீழே 1 மி.கி. வீதம் மெல்ல இறக்குவார்கள். நோயைப் பொறுத்து இது மாறும். நடுவில் காய்ச்சல் வந்தால் மருந்தைக் குறைக்காதீர்கள், சில நாளைக்குக் கூட்டத்தான் வேண்டியிருக்கும், மருத்துவரைக் கேளுங்கள். மாத்திரை வயிற்றில் தங்காமல் வாந்தியானால் வீட்டில் காத்திருக்க வேண்டாம், ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி தேவைப்படும். 108ஐ அழைத்து “இவர் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு மாதவிடாய் நின்றபின் கொலஸ்ட்ரால் ஏறிவிட்டது. இதுவும் கல்லீரல் விஷயமா?

ஆமாம். ரத்தத்திலிருந்து கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல்.லை அள்ளி எடுக்கும் கைகள் கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அவற்றின் எண்ணிக்கை நன்றாக இருக்கும். அது குறைந்ததும் கைகள் குறைகின்றன, எல்.டி.எல். தேங்குகிறது. அம்மாவின் சாப்பாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐம்பத்தைந்து வயதில் ஒருமுறை லிப்பிட் பரிசோதனை செய்து, தேவையென்றால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கலாம். ஈஸ்ட்ரோஜனை வாய்வழி எடுத்தால் அது முதலில் கல்லீரலில் முட்டி ரத்தம் உறையவைக்கும் புரதங்களைக் கூட்டும். தோலில் ஒட்டும் பட்டையோ ஜெல்லோ அப்படி முட்டுவதில்லை.

கீழாநெல்லி, அதிமதுரம்?

கீழாநெல்லி கல்லீரலை இளமையாக்கும் என்பதற்குச் சான்றில்லை. ஹெபடைடிஸ் பி-க்கு அது நல்ல பலன் தருவதாக 1988இல் சென்னை ஆய்வு ஒன்று சொன்னது, பிறகு வேறிடங்களில் நடந்த ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை.

அதிமதுரம் வேறு ரகம், ஸ்டீராய்டோடு சேர்க்கவே கூடாது. அதிலுள்ள கிளிசிரைசின், கார்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் என்சைமைத் தடுக்கிறது. பிரெட்னிசலோனும் உடம்பில் கூடுதலாக நிற்கும். பொட்டாசியம் இறங்கி, ரத்த அழுத்தம் ஏறி, கால் வீங்கி, தசை தளர்ந்துவிடும். தொண்டைக் கரகரப்புக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் துண்டும், கஷாயமும், சூரணமும் இதில் அடக்கம். நீர் மாத்திரையும் சாப்பிடுகிற பெரியவர் என்றால் இன்னும் மோசம்.

ஓ.பி.க்குப் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள், காலியானவை உட்பட. கண் சொட்டு, இன்ஹேலர், படர்தாமரைக் களிம்பு, லேகியம் எல்லாம் சேர்த்து. களிம்பிலும் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, ஸ்டீராய்டு அளவு, மதியத்துக்குப் பிந்தைய சர்க்கரை, ரத்த அழுத்தம், எடை என்று ஐந்து கட்டம் போதும். எடை ஒரே வாரத்தில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். மூன்று மாதத்துக்கு மேல் மருந்து தொடரும் என்றால் கால்சியம், வைட்டமின் டி, எலும்பு அடர்த்தி பற்றி நீங்களே கேளுங்கள். வரிசையில் நிற்கும் நேரத்தில் மறந்துபோகும், அதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.